பல்கனியில் இருந்த பியரும் சீனி இல்லாத தேநீரும்

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 39. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பம்பலப்பிட்டிப் பக்கம் கூட்டாளிகளோடு உட்கார்ந்தால் ஸ்ட்ரோங் பியர் இரண்டு போத்தல் சாதாரணமாகப் போகுமாம். இப்போது அரைப் போத்தலிலேயே தலை சுற்றுகிறது, அதுவும் வாயில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. ஒரு காலத்தில் 'கசாயம்' என்று தள்ளிவைத்த ஸ்டவுட் என்ற கறுப்புப் பியர் இப்போது பிடிக்கிறது. லாகர் என்ற சாதாரண வெளிர் பியரை ஒரு மிடறு குடித்துப் பார்த்த மனைவி, நனைந்த அட்டைப்பெட்டி மணக்கிறது என்கிறார். 2022க்குப் பிறகு கனடா போய்ச் சேர்ந்த கூட்டாளிகள் 'உனக்கு வயசு போட்டுது மச்சான்' என்று வட்ஸ்அப்பில் நக்கலடிக்கிறார்கள். மாமா ஒருவரோ நுவரெலியாத் தண்ணியில் காய்ச்சுவதை விட்ட நாளிலிருந்தே பியர் கெட்டுவிட்டது என்கிறார். கொரோனா இரண்டு முறை வந்து போயிருக்கிறது. பியர் மாறிவிட்டதா, நான் மாறிவிட்டேனா என்பது கேள்வி.

வயதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் பதில், கேள்விக்குக் கீழே போகிற போக்கில் எழுதியிருந்த விபரங்களில் இருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை. சுகர் எட்டிப்பார்த்ததால் மருந்து. தேநீருக்குச் சீனி இல்லை, இரவில் சோறு இல்லை. பிள்ளை தூங்கிய பிறகு பத்து மணிக்கு மாதத்தில் ஒரு நாள் ஒரு போத்தல். பிரிட்ஜ் முழுக்கப் பிள்ளையின் சாமான், அதனால் பியர்ப் பெட்டி பல்கனியில். நான் பானத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுகூடத்தில் பல வருடம் இருந்தவன், சுவை பார்க்கும் குழுவிலும் உட்கார்ந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் நாக்கு கிழடு தட்டவில்லை. உங்கள் வாழ்க்கை நேரசூசி மாறியிருக்கிறது, கூடவே பல்கனியில் பியரும் கொஞ்சம் கெட்டிருக்கிறது. நான் வைத்தியர் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மருந்து பற்றிய இடம் வரும்போது அதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

முதலில் அரைப் போத்தல் தலைசுற்று. இங்கே கடையில் கிடைக்கும் பெரிய போத்தல் 625 மில்லிலீற்றர். லயன் லாகர் என்றால் 4.8 வீதம் மதுசாரம், ஸ்ட்ரோங் என்றால் 8.8 வீதம். கணக்குப் போட்டால் லாகர் போத்தலில் சுமார் 24 கிராம் சுத்த மதுசாரம், ஸ்ட்ரோங் போத்தலில் சுமார் 43 கிராம். சாராயத்தோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். 33.5 வீதச் சாராயத்தில் 50 மில்லி ஊற்றினால் 13 கிராம் சொச்சம்தான். ஆகவே ஒரு ஸ்ட்ரோங் போத்தல் என்பது மூன்று ஊற்றுக்கும் மேல். 'நான் பியர் மட்டும்தான்' என்று மார்தட்டுகிற பலருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அந்த நாளில் நீங்கள் குடித்த இரண்டு போத்தல், சாராயக் கணக்கில் ஆறரை ஊற்று. அதைத் தாங்கியதுதான் ஆச்சரியம், இப்போது தாங்காததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

எப்படித் தாங்கினீர்கள் என்பதற்கு இரண்டு காரணம் நிச்சயமாகச் சொல்லலாம். ஒன்று பழக்கம். கிழமைக்குக் கிழமை குடிப்பவரின் மூளை அந்த மயக்கத்துக்கு ஈடுகொடுக்கப் பழகிவிடும். குடிப்பது குறைந்தால் அந்தப் பழக்கமும் கழன்றுவிடும். இரண்டாவது, பலர் கவனிக்காதது: வயிற்றில் என்ன இருந்தது என்பது. மதுசாரத்தின் பெரும்பகுதி இரத்தத்தில் சேர்வது இரைப்பையில் அல்ல, சிறுகுடலில். டெவில்ட் சிக்கனும் பிரைட் ரைஸும் உள்ளே இருந்தால் இரைப்பை அதை அரைத்து முடிக்கும்வரை கீழே திறந்துவிடாது. பியரும் அதோடு சேர்ந்து மெல்ல மெல்லத்தான் இறங்கும். ஏழு மணி தொடங்கிப் பதினொரு மணிவரை, பைட்ஸ் கடித்துக்கொண்டு, கதைத்துக்கொண்டு குடித்த இரண்டு போத்தல் ஒரு மாதிரி. இரவுச் சோற்றை நிறுத்திய வயிற்றில், பிள்ளை எழும்புவதற்குள் முடிக்கவேண்டும் என்று இருபது நிமிடத்தில் இறக்கிய அரைப் போத்தல் வேறு மாதிரி. அளவு குறைவுதான், ஆனால் மொத்தமும் ஒரே தள்ளாக ஏறுகிறது. பியரின் வாயு இதை இன்னும் வேகமாக்கும் என்றும் சொல்வார்கள். அதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, சிலருக்கு வேகம் கூடியது, சிலருக்கு இல்லை. அதை நம்பி ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஈரல் மணிக்கு ஏழு முதல் பத்துக் கிராம் வரை எரிக்கும் என்று வையுங்கள். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடிக் குறையும். முழு ஸ்ட்ரோங் போத்தலைப் பத்து மணிக்குத் தொடங்கினால் விடியப்புறம் மூன்று, நான்கு மணிக்குத்தான் உடம்பு அதை முடிக்கும். மதுசாரம் இறங்குகிற அந்த நேரத்தில்தான் தூக்கம் கலைகிறது. உங்கள் வீட்டில் அந்த நேரம் பிள்ளையும் எழும்பும். காலையில் தலை கனக்கிறது என்றால் பழியை வயதின்மேல் போடாதீர்கள்.

சுகர் மருந்து பற்றி இரண்டு விடயம். நீங்கள் எது குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. மெட்போமின் என்றால், சிலருக்கு வாயில் உலோகச் சுவை தட்டும். அது தெரிந்த பக்கவிளைவு, பியரின் கசப்பை அது கோணலாக்கக்கூடும். கிளிக்லசைட் மாதிரி சீனியை இறக்குகிற மாத்திரை அல்லது இன்சுலின் என்றால் விடயம் சுவையோடு நிற்காது. வெறும் வயிற்றில் மதுசாரம் போனால் ஈரல் புதிதாகச் சீனி செய்து இரத்தத்துக்கு விடுவது தடைப்படும், மாத்திரை ஒரு பக்கம் இறக்கிக்கொண்டிருக்கும், சீனி ஆபத்தான அளவுக்கு விழலாம். பயங்கரம் என்னவென்றால் அதன் அறிகுறி அப்படியே வெறி மாதிரி இருக்கும்: வியர்வை, நாக்குக் குழறல், தள்ளாட்டம். பக்கத்தில் இருப்பவர் 'ஏறிவிட்டது, படுக்கட்டும்' என்று போர்த்திவிட்டுப் போய்விடுவார். இரவுச் சோற்றை விட்டவர் அரைப் போத்தலிலேயே தலை சுற்றுகிறது என்று எழுதும்போது எனக்கு முதலில் தோன்றியது இதுதான். அடுத்த கிளினிக்கில் மருந்தின் பெயரைச் சொல்லி, குடிக்கலாமா, எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூச்சப்படுகிற இடம் இதுவல்ல. அதுவரை சாப்பிடாமல் குடிக்கவேண்டாம்.

சரி, சுவைக்கு வருவோம். ஸ்ட்ரோங் ஒட்டுகிறது, ஸ்டவுட் பிடிக்கிறது என்றால் எதிரெதிராகத் தெரியும். கொழும்புக் கடைகளில் நீங்கள் வாங்கக்கூடிய லயன் ஸ்டவுட்டும் 8.8 வீதம்தான். ஆக உங்களுக்குப் பிடிக்காமல் போனது மதுசாரம் அல்ல. மதுசாரத்துக்கே லேசான இனிப்பும் எரிவும் உண்டு. பொதுவாக ஸ்ட்ரோங் பியரில் அந்த இனிப்பை மறிக்கிற கசப்பு அதிகம் இருக்காது, மல்லுக்கட்ட ஆளில்லாமல் இனிப்பு தனியே நிற்கும். ஸ்டவுட்டில் கறுக்க வறுத்த மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, இருக்கிறது. கோப்பி, எரிந்த சீனி, கறுப்புச் சொக்லேட் போன்ற கசப்பு அதிலிருந்து வருவது. அது இனிப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. இப்போது உங்கள் பிளேன்டீக்கு வாருங்கள். சீனியைச் சில மாதம் குறைத்தவர்களுக்கு அதே இனிப்புப் பண்டம் முன்னைவிட இனிப்பாகத் தெரிகிறது என்று ஆய்வுகள் உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை, சில ஆய்வுகளில் மாற்றம் சின்னது. ஆனாலும் சுவைக்குழுவில் இருந்த எங்களுக்கு இது பழக்கப்பட்ட விடயம். சீனி போட்ட தேநீர் குடிப்பவரும் போடாதவரும் ஒரே பானத்துக்கு இனிப்பு மதிப்பெண் போட்டால் ஒத்துவராது. உங்களுக்கு நடந்தது, நாளுக்கு நாலைந்து முறை சீனியில்லாத தேநீரின் துவர்ப்பிலும் கசப்பிலும் வாய் பழகியது. கசப்பு என்பது குழந்தை பிறக்கும்போதே துப்புகிற சுவை, திரும்பத் திரும்பச் சந்தித்தால்தான் அது நண்பனாகும். கோப்பி, பாகற்காய், ஸ்டவுட் எல்லாவற்றுக்கும் அதே வழிதான்.

வயது இதில் எவ்வளவு? உண்மையைச் சொன்னால் 39இல் மிகக் கொஞ்சம். நாக்கின் சுவை மொட்டுகள் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. மூப்பில் அவை குறைவது உண்மை, ஆனால் சுவையில் நாம் கவனிக்கிற இழப்பு பெரும்பாலும் மூக்கின் இழப்பு, அதுவும் அறுபதைத் தாண்டியபிறகுதான் பலருக்குத் தெளிவாகத் தெரியும். கனடாக் கூட்டாளிகளிடம் இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

கொரோனா சந்தேகத்தை ஒரு சமையலறைச் சோதனையில் தீர்க்கலாம். கொரோனாவுக்குப் பிறகு மணம் கோணலாகிப்போனவர்களுக்கு முதலில் தொந்தரவு தருவது கோப்பி, பொரித்த வெங்காயம், உள்ளி, வறுத்த இறைச்சி போன்றவை. தாளிக்கிற வெங்காயமும் புதிதாக ஊற்றிய கோப்பியும் உங்களுக்கு முன்போலவே மணக்கிறதா? மணக்கிறதென்றால் மூக்கைக் குற்றம் சொல்ல இடமில்லை. அதோடு வறுத்த மணம் தூக்கலாக இருக்கிற ஸ்டவுட் உங்களுக்குப் பிடிக்கிறதே, கோணல் மூக்கு என்றால் அதுதான் முதலில் நாறியிருக்கும்.

இனி அட்டைப்பெட்டி. உங்கள் மனைவியை நான் சுவைக்குழுவுக்கே எடுத்திருப்பேன். 'நனைந்த அட்டை' என்பது பியர் உலகத்தில் ஒரு பெயர்பெற்ற குறை. டிரான்ஸ்-2-நொனினல் என்ற ஒரு பொருள்தான் அதன் அடையாளம். ஒரு லீற்றருக்கு ஒரு மைக்ரோகிராமின் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பயிற்சி உள்ள மூக்குப் பிடித்துவிடும். பியர் பழசாகும்போது, குறிப்பாகச் சூட்டில் இருக்கும்போது இது தலைகாட்டும். கூடவே கசப்பு மங்கும், தேன் மாதிரி ஒரு மந்தமான இனிப்பு வரும். சூடு பத்துப் பாகை கூடினால் இந்தக் கெடுதல் இரண்டு மடங்கு, சிலவேளை மூன்று மடங்கு வேகமாகும் என்று வைத்துக்கொள்ளலாம். நாங்கள் ஒரு பியர் எத்தனை மாதம் தாங்கும் என்று பார்க்க அதைச் சில நாள் சூட்டு அலுமாரியில் அடைத்து வைப்போம், மாதக்கணக்கில் நடப்பதை நாள்கணக்கில் காட்டிவிடும். கொழும்பில் மேற்குப் பார்த்த பல்கனி என்பது இலவசமாகக் கிடைத்த சூட்டு அலுமாரி. வெசாக்குக்கு முன் கடை பூட்டும் என்று பெட்டியாக வாங்கி அங்கே வைத்து, மாதத்துக்கு ஒன்றாகக் குடித்தால் கடைசிப் போத்தல் எப்படி இருக்கும்? முன்பு பாரில் குடித்தது வாராவாரம் தீர்ந்து, புதிது வந்து, பிரிட்ஜிலிருந்து நேரே மேசைக்கு வந்த பியர். நீங்கள் இரண்டையும் ஒரே பியர் என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

வெயில் வேறு, சூடு வேறு. வெளிச்சம் பட்டால் பியரின் கசப்புப் பொருள் உடைந்து கந்தகம் கலந்த ஒரு நாற்றம் வரும், அட்டை மணம் வராது. பச்சை, வெள்ளைப் போத்தல்களில் அது நிமிடக்கணக்கில் நடக்கும், மண்ணிறப் போத்தல் பெருமளவு தடுக்கும், டின்னுக்குள் வெளிச்சமே போகாது. மனைவி சொன்னது அட்டை என்பதால் இங்கே குற்றவாளி சூடும் காலமும்தான்.  

மாமாவின் தண்ணிக் கதையையும் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் பாதி உண்மை. நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் 1849இலேயே பியர் காய்ச்சத் தொடங்கினார். 1881இல் அங்கே பெரிய அளவில் பியர் ஆலை வந்தது. பின்னர் தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பியகமவுக்கு இறங்கியது. 2016 மே வெள்ளத்தில் பியகமத் தொழிற்சாலை மூழ்கி உற்பத்தி நின்று, வெளிநாட்டிலிருந்து பியர் இறக்கிய காலமும் இருந்தது. ஆகவே 'முன்பு வேறு மாதிரி இருந்தது' என்று ஒரு கிழவர் சொன்னால் சிரிக்க மாட்டேன். ஆனால் தண்ணி? இன்றைக்கு எந்தப் பெரிய தொழிற்சாலையும் வருகிற தண்ணியை அப்படியே காய்ச்சுவதில்லை. வடிகட்டி, உப்புகளை எடுத்து, தேவையானதைத் திரும்பச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆக்கித்தான் பயன்படுத்துவார்கள். அதோடு உங்கள் மாற்றம் கடந்த இரண்டு மூன்று வருடத்துக்குரியது, பியகமவுக்குப் போனதோ உங்கள் பள்ளிக்கூடக் காலம். கொம்பனி சத்தமில்லாமல் செய்முறையை மாற்றியிருக்குமா என்று கேட்டால், மால்ட்டும், கசப்புக்குப் போடுகிற ஹொப்ஸ் பூவும் வருடத்துக்கு வருடம் மாறுகிற விளைபொருள், சின்னத் திருத்தங்கள் எந்த ஆலையிலும் நடக்கும். வெளியிலிருந்து பார்த்து ஆம், இல்லை என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

எல்லாவற்றையும் விட நல்லது, வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது. ஆய்வுகூடத்தில் முக்கோணச் சோதனை என்போம். பல்கனிப் போத்தல் ஒன்று, வியாபாரம் நன்றாக ஓடுகிற கடையின் பிரிட்ஜிலிருந்து வாங்கிய அதே பெயர்ப் பியர் ஒன்று. இரண்டையும் ஒரு இரவு ஒன்றாகப் பிரிட்ஜில் வையுங்கள், குளிர் ஒரே அளவாக இருக்கவேண்டும். வெளியே தெரியாத எவர்சில்வர் டம்ளர் மூன்று எடுங்கள். மனைவி உங்களுக்குத் தெரியாமல் இரண்டில் ஒரே பியரையும் ஒன்றில் மற்றதையும் முப்பது முப்பது மில்லி ஊற்றட்டும். எது தனி என்று நீங்கள் சொல்லவேண்டும், அவ்வளவுதான். 'எது நல்லது' என்று கேட்கக்கூடாது, அந்தக் கேள்வி வந்தால் ஆள் கற்பனை பண்ணத் தொடங்கிவிடுவார். இடையில் ஒரு துண்டு கிரீம் கிறேக்கரும் தண்ணியும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும், அதனால் ஒரு முறை சரியாகச் சொன்னதை வைத்துக் குதிக்கவேண்டாம். ஆறு சுற்றில் ஐந்து சரி என்றால் குருட்டு அதிர்ஷ்டத்துக்கு இரண்டு வீதத்துக்கும் குறைந்த இடம்தான். ஆறு சுற்றுக்கும் சேர்த்து ஒரு போத்தலை விடக் குறைவான பியர்தான் ஆகும். இதையும் சாப்பிட்டபிறகு, லாகரில் செய்யுங்கள், ஸ்ட்ரோங்கில் வேண்டாம். அப்புறம் இடம்மாறி மனைவியைக் குடிக்கச் சொல்லி நீங்கள் ஊற்றுங்கள். அவர் ஆறுக்கு ஆறு எடுப்பார் என்று பந்தயம் கட்டத் தயார்.

பெட்டியாக வாங்குவதை விட்டு, போத்தலிலோ டின்னின் அடியிலோ உள்ள திகதியைப் பார்த்து இரண்டு மூன்றாக வாங்குங்கள். பிரிட்ஜில் இடமில்லை என்றால் வீட்டுக்குள் இருட்டான, தரையோடு ஒட்டிய மூலை பல்கனியை விட எவ்வளவோ மேல். ஸ்டவுட்டை வெளியே எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுக் குடித்துப் பாருங்கள். நாலு பாகைக் குளிரில் நாக்கு விறைத்துப்போய்ப் பாதி மணம் தெரியாது, பத்துப் பன்னிரண்டு பாகைக்கு வரும்போதுதான் அந்தக் கோப்பி வாசம் எழும்பும். லாகருக்கு இந்த உபசாரம் தேவையில்லை, சில்லென்றே குடியுங்கள். 625 மில்லியைத் திறந்தால் முடிக்கவேண்டும் என்ற கட்டாயம் வரும், ஆகவே சின்னப் போத்தல் கிடைத்தால் கொஞ்சம் காசு கூடினாலும் அதுவே உங்களுக்குத் தோது.

கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள், மாமா செய்வதுபோல ஜிஞ்சர் பியர் என்ற இனிப்பு இஞ்சிச் சோடாவைக் கலந்து குடிக்கலாமா என்று. மதுசாரம் பாதியாகும், சுவையும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சுகர்காரருக்கு அந்தச் சீனி வீண் வினை. லாகரில் சரிபாதி வெறும் சோடா ஊற்றி ஒரு துண்டு தேசிக்காய் பிழிந்து பாருங்கள். ஊற்றியவுடனே குடிக்கவேண்டும், வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்கப் போனால் வாயு இறங்கிவிடும்.